இரண்டு ஓட்டை போட்ட காசு

சேக் இஸ்மாயில் ராவுத்தருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது காஜிமார் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பழைய செம்பு, பித்தளை, வெள்ளியை எடைக்கு வாங்கி விற்பது அவர் தொழில். சந்துக்குள் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தொழில் எடைச் சாமான் என்றாலும் உயிர் என்னவோ பழங்காசில்தான். உடைந்த சொம்புக்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவில் ஒரு பழைய காசு கிடந்துவிட்டால் போதும், தராசுத் தட்டை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எதிரே நிற்கிற ஆள் கனைத்துக் கனைத்துத் தொண்டை நோக வேண்டியதுதான்.

காசு சேர்க்கிற பெரிய மனிதர்கள் இரண்டு மூன்று பேர் அவரைத் தேடி வருவார்கள். தல்லாகுளத்து வக்கீல் ஒருவர் குதிரை வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு நடந்தே வருவார். ஏன் வருகிறார்கள் என்றால், இஸ்மாயில் காசைப் பற்றிப் பொய் சொல்லமாட்டார். ஒரு பணக்காரர் மோதிரத்தில் பதித்துக்கொண்டு வந்த தங்கக் காசை நாலு பேர் முன்னால் பார்த்துவிட்டு, இது பித்தளைக்கு முலாம் பூசினது என்று சொன்ன மனுஷன் அவர். அந்தப் பணக்காரர் அதோடு அந்தச் சந்துப் பக்கமே வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று இவரும் விட்டுவிட்டார்.

அவருக்கு ஆகவே ஆகாத காரியம் ஒன்று உண்டு. காசில் ஓட்டை போடுவது. மாலை கோக்கிறேன், தாயத்தில் கட்டுகிறேன் என்று நல்ல நல்ல காசையெல்லாம் ஜனங்கள் ஆணி வைத்துக் குத்திவிட்டுப் பிறகு அதையே விலைக்குக் கொண்டுவருவார்கள். "காசு என்ன காதா, குத்துறதுக்கு?" என்று கத்துவார். ஓட்டைக் காசு கையில் பட்டால் பார்க்கக்கூட மாட்டார். எடைச் செம்புக் குவியலில் விட்டெறிந்துவிடுவார்.

ஐந்தாம் ஜார்ஜ் போய்ச் சேர்ந்து, ஆனாலும் காசில் அவர் தலையே ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது. கார்த்திகை மாதம், நோன்பும் அந்த மாதத்தில்தான் வந்திருந்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடித்து வந்து, வெறும் வயிறும் காய்ந்த நாக்குமாகக் கடையில் உட்கார்ந்திருந்தார் இஸ்மாயில். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. உள்ளேயிருந்து கஞ்சி கொதிக்கும் பூண்டு வாசம் வேறு வந்து மனுஷனைச் சோதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கருத்தக்கண்ணன் வந்தான்.

நாகமலைப் புதுக்கோட்டைக்கு மேற்கே, வானம் பார்த்த பூமி கொஞ்சம் வைத்து உழுது பிழைக்கிறவன் அவன். முப்பது வயதிருக்கும். ஓட்டைச் செம்புக் குடம், உடைந்த பித்தளைச் சொம்பு என்று முன்பு ஒன்றிரண்டு தரம் எடைக்குப் போட்டிருக்கிறான். அன்றைக்குத் துண்டு முனையில் ஒரு முடிச்சோடு வந்து நின்று, ஒரு தடவை சந்து முனையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, முடிச்சை அவிழ்த்துக் கடைப் பலகையில் கொட்டினான்.

ஒரு கைப்பிடி காசு. எல்லாம் செம்பு. எல்லாம் நேற்றுத்தான் அச்சடித்தது மாதிரி தகதகவென்று மின்னியது.

இஸ்மாயில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சாமி உருவம், மறுபக்கம் எழுத்து. நாயக்கர் காலத்துக் காசு. இன்னொன்று, அதுவும் அப்படியே. மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். புளி வாசம். அவ்வளவுதான், உச்சந்தலைக்கு ஏறிவிட்டது அவருக்கு.

முன்னூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்து அந்தக் காசு போர்த்திக்கொண்ட பச்சைக் களிம்புதான் அதற்கு அழகு, அதுதான் அதற்கு விலை, அதைப் போய்ப் புளியும் செங்கல் பொடியும் போட்டு எந்தப் பாவி தேய்த்தது என்று பிடித்துக்கொண்டார். களிம்போடு கொண்டுவந்திருந்தால் வக்கீல் ஒவ்வொன்றுக்கும் நல்ல விலை கொடுத்திருப்பார். இப்போது எடைக்குத்தான் போகும். சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று மூச்சு விடாமல் திட்டினார். கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான், அவன் தேய்த்தது பளபளப்புக்காக இல்லை என்று. மண் வாசம் போகட்டும் என்றுதான் தேய்த்தானாம். புதைந்து கிடந்த அடையாளம் ஒன்றுமே இருக்கக்கூடாது என்றுதான்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஐப்பசி மழை நின்று, கொள்ளு விதைக்க உழுதபோது கொழு முனையில் டக்கென்று ஏதோ தட்டியிருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒரு சின்னக் கலயம், வாயில் ஓடு வைத்து மூடினது. உடைந்த கலயத்தை ஓடையில் வீசிவிட்டுக் காசை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, உழவு சாலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான். ஆனால் அவன் கிணற்றடியில் உட்கார்ந்து தேய் தேயென்று தேய்த்ததை அவள் பார்த்துவிட்டாள். கிடைத்த காசை இவ்வளவு அவசரமாக ஏன் தேய்க்க வேண்டும்? அவள் மனசில் அப்போதே முள் ஏறிவிட்டது.

அந்த முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தினது அவன் அக்காள் தங்கப்பொண்ணு. நல்லவள்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவள். புதைத்த பணத்துக்குக் காவல் உண்டு, புதைக்கிறவன் ஒரு காவலை அதன்மேல் ஏவிவிட்டுத்தான் புதைப்பான், எடுக்கிறவன் வீட்டில் அது ஓர் உயிரைக் கேட்கும் என்று அவள்தான் சொன்னாள். வழியில் கை தவறி விழுந்த காசுக்கு அதெல்லாம் கிடையாது. அது யார் கண்ணில் படுகிறதோ அவர்களுக்குச் சேர வேண்டியது. புதையல் அப்படி இல்லை. எடுத்த பிறகு திரும்பப் புதைத்தாலும் அதன் வாய் அடையாது. இதையெல்லாம் அவள் யாரிடம் சொன்னாள்? நிறைமாத வயிற்றோடு அடுப்படியில் நின்ற தம்பி பெண்டாட்டியிடம்.

கருத்தக்கண்ணன் பெண்டாட்டி அன்னக்கொடிக்கு முதல் பிள்ளை பேர் வைக்கும் முன்னாலேயே போய்விட்டது. இரண்டாவது, குறைமாதத்தில். இது மூன்றாவது. இந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிடாய் வெட்டியாகிவிட்டது, வேப்பிலை அடித்தாகிவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, துடிக்கிறதா துடிக்கிறதா என்று அதையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரிய கண்ணாக இருந்த கண் குழிக்குள் போய்விட்டது. இப்படியே போனால் காவலும் வேண்டாம் பூதமும் வேண்டாம், பட்டினியே இரண்டு உயிரையும் கொண்டுபோய்விடும். இதைச் சொல்லிவிட்டுக் கருத்தக்கண்ணன் கடைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வண்டியில உக்காந்திருக்காண்ணே. ஒங்ககிட்டக் கேட்டாத்தான் ஆச்சுன்னு அவதான் வந்திருக்கா. ஒரே ஒரு வார்த்தை. பாதையில விழுந்த காசுன்னு சொல்லிருங்க. ராவுத்தர் காசைப் பத்திப் பொய் சொல்லமாட்டாருன்னு ஊரே சொல்லுது. நீங்க சொன்னா நம்பிருவா."

இஸ்மாயிலுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லமாட்டான் என்று பேர் எடுத்தவனிடம், அந்தப் பேரை வைத்தே ஒரு பொய்யைக் கேட்கிறானே இவன். அதுவும் நோன்பு வாயால். போடா வெளியே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அன்னக்கொடி வண்டியை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்ததும் இஸ்மாயிலின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வயிறு மட்டும் முன்னால் வந்தது. மற்றபடி அந்தச் சேலைக்குள் ஆளே இல்லை. உள்ளே கதவுத் திரை அசைந்தது. இஸ்மாயிலின் மனைவி மெஹருன்னிசா வெளியாட்கள் முன்னால் கடைப்பக்கம் வருகிறவள் இல்லை. அன்றைக்கு முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தானே வந்து, அவள் கையைப் பிடித்து ஒரு பலகையைப் போட்டு உட்கார வைத்தாள். சாப்பிட்டியா தாயி என்று கேட்டாள். அன்னக்கொடி பலகையில் மின்னுகிற காசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இஸ்மாயிலைப் பார்த்தாள்.

"அண்ணே, இவரு ஒங்ககிட்ட என்னமோ சொல்லிக் குடுத்திருப்பாரு. அதைச் சொல்லாதீங்க. காசு என்ன சொல்லுதோ அதை மட்டும் சொல்லுங்க. எனக்காகப் பொய் சொன்னீங்கன்னு தெரிஞ்சா நான் செத்தே போவேன்."

கருத்தக்கண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். இஸ்மாயில் கறுப்புத் துணியை விரித்துக் காசுகளை அதில் பரப்பினார். உண்மையைச் சொல்லவேண்டுமானால், அந்த நிமிஷம் அவர் பொய் சொல்லத் தயாராகிவிட்டார். நோன்பு போனால் போகிறது, பேர் போனால் போகிறது, இந்தப் பெண் ஒரு வாய் சோறு சாப்பிட்டால் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. ஆனால் எந்தப் பொய்யைச் சொல்வது? இவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்லி அது நிற்குமா? கொஞ்சம் நேரம் கடத்தலாம் என்றுதான் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாயக்கர் காசு, நாயக்கர் காசு, மீன் போட்டது இரண்டு, அதுவும் நாயக்கர் அச்சுத்தான். தேய்த்த தேய்ப்பில் எல்லா அடையாளமும் போயிருந்தது. ஆனால் குழிந்த இடங்களில், சாமியின் காலடியில், எழுத்தின் மூலையில், மயிரிழைக் கணக்கில் பச்சை மிச்சம் இருந்தது. இரண்டு காசு ஒட்டிக் கிடந்த வட்ட வடு ஒன்றில் தெரிந்தது. கலயத்துக்குள் அடுக்காகக் கிடந்திருக்கிறது. புதைத்ததுதான். சந்தேகமே இல்லை. இவள் கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும்.

அடுத்ததாக விரலில் பட்டது ஓர் ஓட்டைக் காசு. பழக்கம் விடுமா? எவ்வளவு கவலை இருந்தாலும் கை தன் வேலையைச் செய்துவிட்டது. த்சு என்று அதை எடைச் செம்புப் பக்கம் விட்டெறிந்தார். அது அண்டாவின் விளிம்பில் பட்டுத் தெறித்து, உருண்டு போய் அன்னக்கொடியின் காலடியில் விழுந்தது. அவள் சிரமப்பட்டுக் கையை நீட்டி அதை எடுத்தாள். ஏன் இதைக் கழித்தீர்கள் என்று கேட்டாள். ஓட்டைக் காசு தாயி, அதுக்கு விலை இல்லை என்றார்.

"ஒண்ணு இல்லண்ணே," என்றாள் அவள், காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. "ரெண்டு ஓட்டை இருக்கு."

இஸ்மாயில் கையை நீட்டி அதை வாங்கினார். முப்பது வருஷமாக ஓட்டைக் காசு என்றால் பார்க்காமல் எறிந்தவர், முதல் தடவையாக ஒன்றை லென்ஸில் வைத்துப் பார்த்தார்.

அது மற்றக் காசுகளோடு சேர்ந்ததே இல்லை. ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆளின் தடம் மட்டும். நாயக்கருக்கும் வெகு காலம் முந்தியது, பாண்டியர் நாளில் ஓடின காசு. நாயக்கர் காலத்தில் அதைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் ஒரு கீரைக்கட்டுகூடக் கிடைத்திருக்காது. பிறகு எதற்கு அதைச் செல்லுகிற காசோடு போட்டு வைத்தார்கள்? திருப்பினார். ஒரு முகம் சுமாராக இருந்தது. மறு முகம் வழுவழுவென்று, மூக்கும் முழியும் இல்லாமல் தேய்ந்திருந்தது. புளி போட்டுத் தேய்த்த தேய்வு இல்லை இது. சொரசொரப்பே இல்லாத தேய்வு. வருஷக்கணக்கில் தோலில் உரசின தேய்வு.

அவர் மடியிலிருந்து ஓர் ஊசியை எடுத்து, இரண்டாவது ஓட்டையின் உள்விளிம்பை மெல்ல நெம்பினார். புளி போகாத இடம் அது. அரிசி முனை அளவுக்கு ஏதோ பிசுறு வந்து கறுப்புத் துணியில் விழுந்தது. அதை பாக்குச் சீவும் கத்தி முனையால் வெள்ளைக் காகிதத்துக்கு மாற்றி லென்ஸை வைத்தார். களிம்பு ஏறி விறைத்துப்போன நூல். ஓரம் பச்சை, நடுவில், முறுக்கு கலையாமல், கறுப்பு.

கறுப்புக் கயிறு. தோலில் உரசின காசு. அட, இது என்ன என்று இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற எந்த வீட்டுக்குத் தெரியாது? அரைஞாண் கயிற்றில் கோத்துப் பிள்ளை இடுப்பில் கட்டின காசு.

இஸ்மாயில் லென்ஸைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துக் கருத்தக்கண்ணன் பயந்தே போய்விட்டான்.

"புதைச்சதுதான் தாயி," என்றார் இஸ்மாயில்.

அன்னக்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். கருத்தக்கண்ணன் அடப்பாவி மனுஷா என்பது போல் அவரைப் பார்த்தான். மெஹருன்னிசா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இஸ்மாயில் எழுந்து வந்து, கடைக்குக் கீழே இறங்கி, அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அந்தக் கடைக்கு வந்த எந்தப் பெரிய மனிதருக்கும் அவர் அப்படி இறங்கி உட்கார்ந்ததில்லை.

நூலைக் காட்டினார். தேய்ந்த முகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். இது எவனோ ராஜா ஒளித்து வைத்த புதையல் இல்லை, திருடன் ஒளித்ததும் இல்லை, சேர்த்து வைத்துக் குடித்தனம் பண்ணின ஒரு வீட்டுப் பணம் என்றார். காவலை ஏவிப் புதைக்கிறவன் தங்கத்தையும் வெள்ளியையும் புதைப்பான்; செல்லாத ஓட்டைக் காசை எவனாவது அதில் போடுவானா? பிள்ளை இடுப்பிலிருந்து எடுத்த காசை வீச மனசு வராத ஒருத்தி, கையில் இருந்த நாலு காசோடு அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். என்ன கலவரமோ, என்ன பஞ்சமோ, திரும்பி வந்து எடுக்க முடியாமல் போய்விட்டது. பிள்ளை இடுப்புக் காசையும் சேர்த்து வைத்தவள், எடுக்கிறவள் வீட்டில் ஒரு பிள்ளையைக் கேட்பாளா? அவளுக்கு அந்த மனசு வருமா?

அன்னக்கொடி கண்ணைத் திறந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள், ஆனால் அவள் நினைப்பு வேறு இடத்தில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

"அந்தப் பிள்ளை இருந்துச்சாண்ணே? இல்ல, போன பிள்ளையோட காசைத்தான் எடுத்து வச்சிருந்தாளா?"

 மெஹருன்னிசா புருஷனையே பார்த்தாள். இந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் பொய்க்கு அவசியம் இல்லாமல் இருந்தது. இஸ்மாயில் அவள் விரலைப் பிடித்து, காசின் விளிம்பில் வைத்தார்.

"இந்த முத ஓட்டையப் பாரு. விளிம்பு வரைக்கும் அத்துப் போயிருக்கா? அடிச்சு உடைஞ்சதுன்னா பிசிறு இருக்கும். இது கயிறு அறுத்தது, வழுவழுன்னு இருக்கு பாரு. நூலு செம்பை அறுக்கணும்னா எம்புட்டு நாளு இழுத்திருக்கணும். மடியில படுத்துக் கெடந்த பிள்ளை இடுப்புல இது நடக்காது தாயி. தவந்து, விழுந்து, தெருப் புழுதியெல்லாம் பொரண்டு, அம்மா கூப்பிடக் கூப்பிட நிக்காம ஓடுன பிள்ளை. அது அறுத்த ஓட்டை இது."

அவள் விரலை மறுபக்கத்து ஓட்டைக்கு நகர்த்தினார். அதுவும் வட்டமாக இல்லை. விளிம்பைப் பார்க்க நீண்டு, அறுவதற்கு இன்னும் ஒரு மயிரிழைதான் மிச்சம் இருந்தது.

"அது அத்துப் போனதும் இந்தப் பக்கம் குத்தியிருக்காங்க. அதே பிள்ளைக்கோ, அதுக்குத் தம்பி தங்கச்சிக்கோ, அது எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லமாட்டேன். இதுவும் ஓடி ஓடி நீண்டிருக்கு. இது போன பிள்ளையோட காசு இல்ல. இருந்த பிள்ளையோட காசு."

அன்னக்கொடி அந்த அறுந்த ஓட்டையை விரல் நுனியால் தடவிக்கொண்டே இருந்தாள். திடீரென்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். இத்தனை நாளும் அழாமல் அடக்கி வைத்த அழுகை அது. மெஹருன்னிசா அவளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, அழு தாயி, அழுதுரு என்று முதுகைத் தடவினாள். அவளும் சேர்ந்துதான் அழுதாள். கருத்தக்கண்ணன் பித்தளை அண்டாக்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டான்.

பள்ளிவாசலில் நகரா முழங்கியது. நோன்பு திறக்கும் நேரம். இஸ்மாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மெஹருன்னிசா உள்ளே போய் முதல் கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி, புருஷனைத் தாண்டிக்கொண்டு போய் அன்னக்கொடியிடம் கொடுத்தாள். அவள் ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்துவிட்டு, இன்னுங் கொஞ்சம் இருக்காக்கா என்று கேட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் இஸ்மாயிலுக்குக் கிடைத்தது அடிக்கஞ்சிதான். அதை அவர் அமிர்தம் மாதிரி குடித்தார்.

பிறகு விலை பேசினார்கள். மீன் போட்ட இரண்டையும், அதிகம் தேய்படாத சிலவற்றையும் வக்கீலுக்கு என்று ஒதுக்கி, அதற்குத் தகுந்த பணத்தைக் கொடுத்தார். மற்றவை எடைக்குத்தான் போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்; நீ தேய்த்த தேய்ப்பில் எல்லாம் சேர்ந்தே பத்து பெறாது, அந்தக் கவலையும் இல்லாமல் போயிற்று மாப்ள என்று கருத்தக்கண்ணனை ஒரு இடி இடித்தார். அவன் சிரித்தான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. அந்த ஓட்டைக் காசு எவ்வளவு பெறும் என்று சும்மா கேட்டு வைத்தான்.

"காசா இதுக்கு ஒரு பைசா பெறாது," என்றார் இஸ்மாயில். அதைக் கொண்டுபோய் அன்னக்கொடியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

வண்டி போன பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. காசைப் பற்றிச் சொன்னதெல்லாம் சத்தியம். ஆனால் அவள் வயிற்றில் இருப்பதைப் பற்றி அந்தக் காசுக்கு என்ன தெரியும்? முன்னூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பிள்ளை ஓடினது என்றால் இந்தப் பிள்ளையும் ஓடுமா? ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், ராவுத்தர் சொன்னாரே என்று அந்தப் பெண் நினைப்பாளே. பெருநாள் வந்தது, போனது. மேற்கே இருந்து வருகிற வண்டிக்காரர்களிடமெல்லாம் ஏதாவது சேதி உண்டா என்று கேட்டார். மெஹருன்னிசா கேட்கவேயில்லை, ஆனால் வாசலில் வண்டி நின்றால் திரை அசையும்.

தை பிறந்த பிறகு ஒரு காலை, கருத்தக்கண்ணன் ஒரு பை நிறைய மொச்சைக்காயோடு வந்து நின்றான். முகத்தைப் பார்த்தாலே போதும், வேறு சொல்லத் தேவையில்லை. பெண் பிள்ளை. அலறுகிற அலறலில் தங்கப்பொண்ணு அக்காவே காதைப் பொத்திக்கொள்கிறாளாம். சின்னத்தாய் என்று பேர் வைத்திருக்கிறது. மெஹருன்னிசா அந்த மொச்சையை உரிக்க உட்கார்ந்து, உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே வெகு நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யுத்தம் வந்தது. செம்பு விலை ஏறியது. ஜனங்கள் வீட்டில் இருந்த பழங்காசையெல்லாம் உருக்கக் கொடுத்தார்கள். இஸ்மாயிலின் கோபமும் செம்பு விலையோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. அப்படி யாரையோ திட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில் அன்னக்கொடி கடைக்கு வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, ஆண்பிள்ளை. கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டியவள், பிடிக்கு அடங்காமல் முன்னால் ஓடி வந்து பித்தளைக் குவியலில் ஏறி நின்றாள். மூன்று வயசுச் சின்னத்தாய். ஓர் அண்டா மூடி உருண்டு சந்து வரைக்கும் போயிற்று. கடையில் நின்ற ஆள், ராவுத்தர் இப்போது கத்தப்போகிறார் என்று ஒதுங்கிக்கொண்டான். அவர் கத்தவில்லை. அவள் இடுப்பைத்தான் பார்த்தார். கறுப்புக் கயிறு இருந்தது, காசைக் காணோம்.

அன்னக்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து நீட்டினாள்.

"இவ அறுத்துட்டாண்ணே," என்றாள். குறை சொல்வது போலத்தான் சொன்னாள், ஆனால் அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. "ஒரு எடத்துல நிக்கிறதில்ல. இனி இவனுக்குக் கட்டணும். ஆசாரிகிட்டக் குடுக்க மனசில்ல. நீங்கதான் இன்னொரு ஓட்டை போட்டுக் குடுக்கணும்."

இஸ்மாயில் வாங்கிப் பார்த்தார். இரண்டாவது ஓட்டையின் அந்த மயிரிழையும் போயிருந்தது. அறுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். வழுவழுவென்று இருந்தது, பிசிறே இல்லை. லென்ஸ் வேண்டியிருக்கவில்லை அவருக்கு. வைத்திருந்தாலும் அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது, கண் அப்படி மறைத்தது.

எஃகு ஊசியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து மெஹருன்னிசாவின் குரல் வந்தது, காசு என்ன காதா, குத்துறதுக்கு என்று. சும்மா இருடி என்றார். காசைக் கட்டைமேல் வைத்து, எந்த இடத்தில் குத்துவது என்று வெகு நேரம் பார்த்தார். விளிம்பை ஒட்டி வைக்கப்போன ஊசியை எடுத்து, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். இந்தப் பிள்ளையும் நெடுநாள் ஓட வேண்டும் அல்லவா.